வைசரின் முதுகில் ஒரு போன்

2001 ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை என் சட்டைகளின் இடப்பக்கப் பை தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தது ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் டீலக்ஸ் என்ற கையடக்க ஆர்கனைசர், அதன் முதுகில் செருகிய வைசர்போன் என்ற போன் மாட்யூல். இரண்டும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கால் கிலோ கத்தரிக்காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள், அது நான்தான்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் அண்ணன் பையன். போன வாரம் கூப்பிட்டு, "சித்தப்பா, சிம் போடற டேப் வாங்கவா, இல்ல வைஃபை மட்டும் இருக்கிற டேப் வாங்கிட்டு போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கவா?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே நான் பட்ட அதே பாடு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அவனுக்குப் போனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

அப்போது நான் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருந்தேன். எச்1பி விசா, எல் கமினோ சாலைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு, கோயம்புத்தூர்க்கார அறைத்தோழன் ஒருவன். அந்த ஊரில் அன்றைக்குக் கையில் பாம் என்ற கையடக்க ஆர்கனைசர் இல்லாத எஞ்சினியரைப் பார்ப்பது கஷ்டம். செல்போன்கூட இல்லாமல் இருப்பார்கள், பாம் இருக்கும். முகவரி, காலண்டர், செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள், இவ்வளவுதான் அதில். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் கிராஃபிட்டி என்ற சுருக்கெழுத்தில் கிறுக்க வேண்டும். நான் எழுதிய 'கே' பாதி நேரம் வேறு ஏதோவாகத்தான் வந்து விழும். தமிழ் எழுத வழியில்லை, அதனால் மளிகைப் பட்டியலெல்லாம் ஆங்கில எழுத்தில் 'துவரம் பருப்பு, பெருங்காயம்' என்று கிடக்கும்.

பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், டோனா டுபின்ஸ்கி, எட் கொலிகன் மூவரும் அங்கிருந்து விலகி 1998இல் தொடங்கியதுதான் ஹேண்ட்ஸ்பிரிங். பக்கத்து ஊரான மவுண்டன் வியூதான் அதற்கு. 1999இல் வைசரை விட்டார்கள். உள்ளே ஓடுவது அதே பாம் ஓஎஸ். டீலக்ஸ் மாடலுக்கு 8 மெகாபைட் நினைவகம், விலை 249 டாலர், இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். விசேஷம் என்னவென்றால் முதுகின் மேல்பாதியில் ஒரு பெரிய ஸ்லாட். ஸ்பிரிங்போர்டு என்று பேர். அதில் எதை வேண்டுமானாலும் செருகலாம். கேமரா, ஜிபிஎஸ், பாட்டுக் கேட்கிற மாட்யூல், மோடம், பேக்கப் எடுக்கிற மாட்யூல். செருகிய உடனே அதற்கான மென்பொருள் திரையில் தானாக வந்துவிடும், உருவினால் போய்விடும். அந்தக் காலத்தில் அதைப் பார்க்கையில் வாய் பிளந்துதான் நின்றோம்.

2000 கடைசியில் அந்த ஸ்லாட்டுக்கே ஒரு போன் வந்தது. அதுதான் வைசர்போன். புது கனெக்‌ஷனோடு எடுத்தால் 299 டாலர், கனெக்‌ஷன் இல்லாமல் 499. சிம் போடுகிற ஜிஎஸ்எம் போன், தனக்கென்று ஒரு லித்தியம் பேட்டரி, ஆனால் தன்னந்தனியாக அது ஒன்றும் செய்யாது. திரையும் விசையும் வைசருடையவை. வைசரிலிருந்து உருவினால் அது ஒரு சோப்பு டப்பா.

என் முன்னால் இருந்தது இரண்டு வழி. இந்த மாட்யூலை வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாக்குவது. அல்லது வைசர் பாட்டுக்கு இருக்கட்டும், கான்ட்ராக்ட் போட்டால் ஏறக்குறைய சும்மாவே கிடைக்கிற ஒரு சின்ன செல்போனை வாங்கி இன்னொரு பையில் போட்டுக்கொள்வது. போனும் பாமும் ஒரே உடம்பாக கியோசெரா 6035 என்று ஒன்று அந்த வருஷம் வந்தது, ஆனால் விலை 500 டாலர் பக்கம், அது சிடிஎம்ஏ என்கிற வேறு வகை நெட்வொர்க், அதற்கு வேறு கம்பெனியிடம் போக வேண்டும். அதை நான் சீரியஸாக யோசிக்கவில்லை.

மாட்யூலைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம், எண்கள் ஒரே இடத்தில் இருக்கும், பெயரைத் தொட்டால் டயல் ஆகும் என்பது. உண்மைக் காரணம், எங்கள் மேனேஜர் இடுப்பின் ஒரு பக்கம் மோட்டரோலா ஸ்டார்டாக், மறுபக்கம் பாம் ஃபைவ் என்று இரண்டு உறையை மாட்டிக்கொண்டு ஏட்டையா மாதிரி நடப்பார். நாங்கள் பின்னாலிருந்து சிரிப்போம். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே 299 டாலர் கொடுத்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் பாதிக்கு மேல் அதுதான். ஒரு பொருளை எதற்காக வாங்குகிறோம் என்று கடையில் நிற்கும்போது நமக்கே சரியாகத் தெரிவதில்லை.

முதல் சில மாதம் சொர்க்கம். அதை மறைக்க மாட்டேன். முகவரிப் புத்தகத்தில் பெயரைத் தேடித் தொட்டேன், போன் அடித்தது. மற்றவர்கள் நோக்கியாவில் ஒரு எழுத்துக்கு மூன்று தடவை விசையை அமுக்கி எஸ்எம்எஸ் அனுப்பும்போது நான் குச்சியால் எழுதி அனுப்பினேன். எல்லாவற்றையும்விட, கூட வந்த ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே திரையைப் பார்க்கலாம். தெற்கு கலிபோர்னியாவில் இர்வைனில் இருந்த நண்பன் ஒருவன் மே மாதம் கூப்பிட்டு, "வீடு மாத்திட்டேன்டா, புது அட்ரஸ் எழுதிக்கோ" என்றபோது பேனா, காகிதம் எதையும் தேடவில்லை. அவன் சொல்லச் சொல்ல அப்படியே உள்ளே எழுதினேன். புது வீட்டு எண், புது போன் எண், வளைகாப்பு தேதி எல்லாம். "எழுதிட்டேன்" என்று சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை அந்த மாதக் கடைசியில் வட்டியோடு திருப்பிக் கட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சின்னச் சின்னத் தொல்லைகள் முதலில். ஹெட்செட் இல்லாமல் பேசினால் கன்னம் முழுக்கத் திரையில் ஒட்டும். பத்து நிமிஷம் ஊருக்குப் பேசிவிட்டு எடுத்தால் திரையில் கன்னத்தின் வரைபடமே இருக்கும், எண்ணெய்ப் பளபளப்போடு. வேட்டி நுனி மாதிரி சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து அந்தத் திரையில் மெல்லிய கீறல்கள் விழுந்தன. அடுத்தது காலிங் கார்டு. அப்போது மதுரைக்குப் பேச வேண்டும் என்றால் கார்டு வாங்கி, ஒரு எண்ணை அழைத்து, அது கேட்கிற பின் நம்பரை அமுக்கி, அப்புறம் ஊர் எண்ணை அமுக்க வேண்டும். விசை உள்ள போன் என்றால் இருட்டில் பார்க்காமலே கட்டைவிரல் அமுக்கிவிடும். இதில் காதிலிருந்து எடுக்க வேண்டும், திரையில் டயல் பேடு வர வேண்டும், குச்சியை உருவ வேண்டும், அதற்குள் அந்த அம்மாள் 'மன்னிக்கவும், தவறான எண்' என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிடுவாள். கார் ஓட்டும்போது டயல் பண்ணுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொட்டுப் பார்த்து அறிய முடியாத பொருளை அவசரத்துக்குப் பயன்படுத்துவது கஷ்டம்.

ஸ்லாட் ஒன்றுதான் என்பதை நான் வாங்கும்போது யோசிக்கவே இல்லை. போன் எப்போதும் செருகியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பு வராது. அப்படியென்றால் வேறு எதையும் செருக முடியாது. நான் முந்தைய வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய பேக்கப் மாட்யூல், செருகி ஒரு தடவை தட்டினால் மொத்த வைசரையும் நகல் எடுத்துவைக்கும், அது மேஜை டிராயரில் ரப்பர்பேண்டுகளோடு தூங்கியது. ஒரு மூன்று நிமிஷம் போனை உருவிவிட்டு பேக்கப் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். நான் எடுக்கவில்லை.

இப்போது அந்த மே மாதக் கடைசி. அமெரிக்காவில் மெமோரியல் டே லாங் வீக்கெண்டு. வளைகாப்புக்கு இர்வைன் போக சனிக்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். ஐ-5 நெடுஞ்சாலையில் பாதி வழியில் கெட்டில்மன் சிட்டி என்று ஒரு இடம், சிட்டி என்பது பேரில்தான், பெட்ரோல் பங்க்குகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான் பிரதானம். வெயில் சுள்ளென்று அடித்தது. வைசர் இரண்டு நாளாகவே பேட்டரி குறைவு என்று எச்சரித்துக்கொண்டிருந்தது, நான் ஓகே ஓகே என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பங்க் கடையில் டிரிபிள் ஏ பேட்டரி ஒரு பாக்கெட் வாங்கினேன். காரின் மூக்கில் வைசரைக் கவிழ்த்து வைத்து, மூடியைத் திறந்து, பழைய பேட்டரி இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்கப்புறம்தான் புதுப் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கையால் பிரித்தவர்களுக்குத் தெரியும். நகத்தால் முடியவில்லை, பல்லால் முடியவில்லை, கார்ச் சாவியால் குத்திக் கிழித்து விரலையும் கிழித்துக்கொண்டு பேட்டரியை வெளியே எடுக்கும்போது எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று தெரியாது. வைசரில் எல்லாமே பேட்டரித் தயவில் நிற்கிற நினைவகம். பேட்டரி மாற்றும்போது ஒரு நிமிஷம்போலத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். புதுப் பேட்டரி போட்டு ஆன் செய்தால் வரவேற்பு வந்தது, அப்புறம் திரையின் மூலையில் ஒரு கூட்டல் குறியைக் காட்டி அதன் நடுவில் தொடச் சொன்னது. பெட்டியைப் பிரித்த முதல் நாள் கேட்ட அதே கேள்வி. அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வேடிக்கை. போனின் மென்பொருள் மாட்யூலுக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கிறது, வைசருக்கு எது நடந்தாலும் அது அழியாது. அதனால் டயல் பேடு சமர்த்தாக வந்து நின்றது. கூப்பிட ஆள்தான் இல்லை. முகவரிப் புத்தகம் வெள்ளை. ஏறக்குறைய 300 பேர் காணோம். சிம் கார்டில் ஒரு எண்ணைக்கூட நான் போட்டுவைத்ததில்லை, எதற்கு, எல்லாம்தான் வைசரில் இருக்கிறதே. போதாக்குறைக்கு அந்த இடத்தில் என் கம்பெனிக்குச் சிக்னலும் கிடையாது.

பங்க்கின் சுவரில் பே போன் இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் வீட்டு எண். நல்லவேளை அறைத்தோழன் தூங்கிக்கொண்டிருந்தான். "மாப்ள, கம்ப்யூட்டரைப் போடு, பாம் டெஸ்க்டாப்பைத் திற" என்றேன். திறந்தான். நான் கடைசியாக ஹாட்சிங்க் செய்தது, அதாவது வைசரில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தது, பதினோரு நாளைக்கு முன்னால். நண்பன் புது முகவரியைச் சொன்னது ஒரு வாரத்துக்கு முன்னால். டெஸ்க்டாப்பில் இருந்தது பழைய வீடு, பழைய எண். கடைசியில் வளைகாப்புக்கு அவன் மனைவி அனுப்பிய மின்னஞ்சல் யாஹூவில் இருப்பது ஞாபகம் வந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர் போனுக்காகக் காத்து நிற்க, என் கடவுச்சொல்லை, அது எங்கள் ஊர் அம்மன் பெயர், ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன். தோழன் முகவரியைப் படித்தான், நான் பெட்ரோல் ரசீதின் பின்னால் பங்க்கில் கடன் வாங்கிய பேனாவால் எழுதிக்கொண்டேன். "249, 299, கூட்டினா 548 டாலர்" என்றான் அவன், கணக்கில் கெட்டிக்காரன், "பேனா எவ்வளவு மாப்ள?"

வளையல் போடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். தேங்காய் சாதம் நன்றாக இருந்தது.

தவறு என்னுடையது, பேட்டரியை யார் அப்படி மாற்றுவார்கள். ஆனால் போகும் வழியெல்லாம் யோசித்தது வேறு. தனி செல்போன் ஒன்று இருந்திருந்தால், வைசர் மொத்தமாகத் துடைக்கப்பட்டாலும், அடிக்கடி கூப்பிடுகிற இருபது முப்பது எண்ணாவது அதற்குள் கிடந்திருக்கும். நான் இரண்டு பொருளை ஒன்றாக்கி வசதி பண்ணிக்கொண்டதாக நினைத்தேன். நடந்தது என்னவென்றால், ஒன்று படுத்தால் மற்றதும் படுக்கும்படி பண்ணிக்கொண்டேன். வைசரின் பேட்டரி போனாலும் போன் இல்லை, மாட்யூலின் பேட்டரி போனாலும் போன் இல்லை. விழ இரண்டு வழி, நிற்க ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஹாட்சிங்க் செய்தேன். வீட்டில் சோம்பல் வரும் என்று, வைசரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கிரேடிலை ஆபீசுக்குக் கொண்டுபோய் ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டினேன். ஆகஸ்டில் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு. ஒரு வியாழக்கிழமை காலை ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள், இருபது நிமிஷத்தில் பெட்டியோடு வாசலில் நின்றேன். லேப்டாப் அங்கே, கிரேடில் அங்கே, மாதக்கணக்கான நகல் அங்கே. வைசர் சட்டைப்பையில் இருந்ததால் பிழைத்தேன், வாசலிலேயே பேட்டரி அளவைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொந்த விஷயத்தின் நகலைச் சொந்த மெஷினில்தான் வைக்க வேண்டும், இதைச் சொல்ல எனக்கு ஒரு வேலை செலவானது.

வேலை தேடும்போதுதான் போன் என்பது போனாக மட்டும் இருக்க வேண்டிய பொருள் என்று புரிந்தது. விசாவில் இருப்பவனுக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரெக்ரூட்டர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. மாட்யூலில் மொத்தமாகப் பேசக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலையில் ஒரு போன் இன்டர்வியூ 50 நிமிஷம், அப்புறம் ஒரு நண்பன் ஆறுதல் சொல்ல முக்கால் மணி, மதியம் ஊரிலிருந்து வருகிற அழைப்பு, சாயங்காலம் பேட்டரி முடிந்துவிடும். ஒருநாள் சார்ஜில் போட மறந்து தூங்கி, மறுநாள் மூன்று வாய்ஸ்மெயில், அதில் ஒன்று 'ஐந்து மணிக்குள் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்க்கிறோம்'. நான் கேட்டபோது ஐந்தே முக்கால்.

அந்த மாதம் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துணி துவைக்கிற அறையின் பலகையில் சோபா, டிவி, கார் என்று விற்பனைச் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று. திருச்சிக்காரர் ஒருவர் கிளம்பும்போது அவருடைய நோக்கியா 8290ஐயும் ரைஸ் குக்கரையும் சேர்த்து 60 டாலருக்குக் கொடுத்தார். 80 கிராம்கூட இராது அந்த போன், உள்ளங்கையில் காணாமல் போகும். மாட்யூலின் சிம்மை உருவி நோக்கியாவில் போட்டேன். அதே எண், அதே பிளான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியது என் புத்தி இல்லை, அந்த சிம் கார்டு. அமெரிக்காவில் அப்போது பெரிய கம்பெனிகள் பல சிடிஎம்ஏ அல்லது டிடிஎம்ஏ. அவற்றில் சிம் இல்லை, போனை மாற்ற கம்பெனியிடம் கெஞ்ச வேண்டும். ஜிஎஸ்எம் சின்ன கட்சி, ஊருக்கு வெளியே சிக்னல் மோசம், ஆனால் கார்டைப் பிடுங்கி வேறு உடம்பில் போடலாம். எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை அங்கே வந்ததே 2003 நவம்பரில்தான். என் ரெஸ்யூமேக்கள் எல்லாவற்றிலும் அச்சடித்திருந்த எண்ணை அந்த ஆகஸ்டில் இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை. நோக்கியாவும் அதே கம்பெனியிடம் வாங்கியது என்பதால், வேறு கம்பெனி சிம்மை ஏற்காத லாக் பிரச்சினையும் வரவில்லை. பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவருக்கே தெரியாமல் லாக் ஆகியிருக்கும்.

இரண்டு பொருளோடு வாழ்வது தேன் குடித்த மாதிரி என்று சொல்ல மாட்டேன். எண்கள் இரண்டு இடத்தில். வைசரையும் நோக்கியாவையும் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி எதிரெதிரே வைத்து, இன்ஃப்ராரெட் வழியாக ஒவ்வொரு பெயராக அனுப்ப வேண்டும். நாற்பது பேரை அனுப்பிவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் அந்த நாற்பது பேரைத் தாண்டி நான் யாரையும் கூப்பிடவே இல்லை. பேசிக்கொண்டே குறிப்பு எழுதுவது? போன் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில், வைசர் மேஜையில், குச்சி வலது கையில். ஹெட்செட்கூடத் தேவைப்படவில்லை. மாட்யூலுக்காக நான் சொன்ன பெரிய காரணம், அதுவும் இப்படித் தோளிலேயே முடிந்துவிட்டது.

வேலை கிடைத்த பிறகு 2002 பொங்கலுக்கு மதுரை போனேன். இரண்டு பொருளையும் கொண்டுபோனேன். அமெரிக்க ஜிஎஸ்எம் 1900 மெகாஹெர்ட்ஸ், நம் ஊரில் 900. மாட்யூல், நோக்கியா இரண்டுமே அங்கே பேப்பர் வெயிட். வைசர் மட்டும் வேலை செய்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பாக்கெட் டைரி, ரப்பர்பேண்டு போட்டு. கெட்டில்மன் சிட்டி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் டைரி ஒருதரம் வைகையில விழுந்துச்சு. காயவெச்சு எடுத்துக்கிட்டேன்" என்றார். அதோடு டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

மாட்யூலின் விலை நான் வாங்கிய வருஷமே மளமளவென்று இறங்கியது. அக்டோபரில் ஹேண்ட்ஸ்பிரிங்கே ட்ரியோவை அறிவித்தது, 2002 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது, போனும் ஆர்கனைசரும் ஒரே உடம்பு, கீழே குட்டி விசைப்பலகை. ஸ்பிரிங்போர்டு ஸ்லாட் மெல்ல மெல்ல அனாதையானது. 2003இல் ஹேண்ட்ஸ்பிரிங் மறுபடியும் பாமோடே சேர்ந்தது. அந்த வருஷம் வந்த ட்ரியோ 600ஐ நானே வாங்கினேன், அதுவும் பிரியமாக வைத்திருந்தேன். அதனால் ஒன்றாக்குவதே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றாகவே பிறந்த பொருளுக்கும், ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஏற்றிய பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ட்ரியோவில் விசை கையில் தட்டுப்பட்டது, ஒரே பேட்டரி, ஒரே சார்ஜர். மாட்யூலில் என் தொல்லைகள் எல்லாமே ஒட்டின இடத்தில்தான் வந்தன. அந்த ஒட்டுக்காகச் செலவழித்த காசு, அடுத்த மாடல் வந்ததும் எதற்கும் ஆகாமல் போயிற்று. தனி செல்போன் வாங்கியிருந்தால் வைசரைத் தூக்கிப் போட்டாலும் போன் மிஞ்சியிருக்கும்.

ஜெஃப் ஹாக்கின்ஸ் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. முதல் பாம் பைலட்டைச் செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது மதிய உணவுக்கு வருகிறாயா என்று கேட்டால் கட்டையை எடுத்துக் காலண்டர் பார்க்கிற மாதிரி நடிப்பாராம். செய்கிறவரே அப்படிச் சோதித்துப் பார்த்தார். வாங்கிய நான் 299 டாலரைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோப்புக்கட்டியைக்கூட வைசரின் முதுகில் கட்டிப் பார்க்கவில்லை. கட்டியிருந்தால் மூன்றாம் நாளே சட்டைப்பை சொல்லியிருக்கும்.

அண்ணன் பையனுக்கு நான் சொன்னதும் இதைத்தான். ஒரு வாரம் டேப் எடைக்கு ஏதாவது ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் வா. எத்தனை தடவை போன் கையில் இல்லாமல் அது மட்டும் இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள், போனில் இல்லை, காகிதத்தில். அந்த எண்ணிக்கை பூஜ்யமோ ஒன்றோ என்றால் சிம் டேப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசும் இன்னொரு ரீசார்ஜும் தண்டம், ஹாட்ஸ்பாட் போதும். போன் பேட்டரி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால் மட்டும் யோசி, ஏனென்றால் ஹாட்ஸ்பாட் அந்த பேட்டரியைத்தான் குடிக்கும், அது தீர்ந்தால் போனும் இல்லை டேப்பும் இல்லை, என் கதைதான். அரைக் கிலோ எடைக்கு எதைப் போடுவது என்று கேட்டான். வீட்டில் எது இருக்கிறதோ அதைப் போடு என்றேன்.

மூன்றாம் நாள் அண்ணி கூப்பிட்டார். "ஏன் தம்பி, துவரம்பருப்புப் பாக்கெட்டைக் காணோம்னு வீடு முழுக்கத் தேடுறேன், இவன் காலேஜ் பையில வெச்சுக்கிட்டுச் சுத்துறான். கேட்டா சித்தப்பா சொன்னாருன்னு சொல்றான். சனிக்கிழமைதான் தருவானாம். அதுவரைக்கும் நான் சாம்பாருக்கு என்ன பண்றது?"